கண்டக்டர் ஏன் துளுக்கவில்லை

கண்ணு,

போனில் சொல்ல முடியாத விஷயம் என்பதால் எழுதுகிறேன். நம் வீட்டில் போன் வந்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்வார். ஸ்பீக்கரில் போட்டால் பக்கத்துக் காட்டில் மிளகு பறிக்கிறவர்கள்கூட ஏணியிலேயே நின்று கேட்பார்கள். படித்து முடித்ததும் இதைத் தாரிணியிடம் கொடு. மாசி மாதம் இந்த வீட்டு மருமகளாக வரப்போகிறவளுக்கு மாமியாரின் திருட்டுத்தனம் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. பெங்களூரில் உன் விலங்குரிமைச் சங்கத்து ஆட்களுக்கும் படித்துக் காட்டு. எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் முதலில் நீ படி. உட்கார்ந்து படி.

போன மாதம் உன் அத்தை தன் செல்போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். பார்த்தால் நீ ஒரு மேடையில் துணிச் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறாய். "எனக்கு ஏழு வயசு. எங்க கொல்லிமலையில ஒரு ஆடு முடியாதுன்னு சொல்லுச்சு. ஊரே அதைக் கேட்டுச்சு. முதல் நாள் சாயங்காலம் முழுக்க நான்தான் அதுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் அது சொல்லிக் காட்டுச்சு. விலங்குக்கு உரிமை உண்டான்னு நீங்க இங்க விவாதம் பண்றீங்க, எங்க மலையில கேட்டுட்டுத்தான் செய்வாங்க" என்கிறாய். கூட்டம் எழுந்து நின்று கை தட்டுகிறது. நான் அழுதேன். மகன் மேல் பெருமை தாங்காமல் அழுகிறேன் என்று உன் அத்தை நினைத்துக்கொண்டாள். பாதி அதுதான். மீதிப் பாதி பயம்.

பழக்கம் உனக்குத் தெரியும். உன் சங்கத்துப் பட்டணத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கருப்பனாருக்கு நேர்ந்துவிட்ட கிடாவைக் கோயிலுக்கு முன்னால் நிறுத்தி, அதன் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சம்மதம் என்று பொருள். துளுக்குவது என்போம். துளுக்கினால் வெட்டலாம். மூன்று தடவை ஊற்றியும் துளுக்காவிட்டால் வெட்டக் கூடாது. வேறு எதனிடமும் நாம் இப்படிக் கேட்பதில்லை. கோழியிடம் கேட்பதில்லை. உழுகிற மாட்டிடம் கேட்பதில்லை. போன பொங்கலுக்குத் தாரிணியும் நீயும் வந்திருந்தபோது மலைத்தேனைத் தொட மாட்டேன் என்றாய், தேனீயிடம் யாராவது அனுமதி வாங்கினார்களா என்றாய். தேனீக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டிய அவசியமே இல்லை கண்ணு. அது தன் பதிலை நேராக மூஞ்சியிலேயே சொல்லிவிடும்.

கேலி செய்கிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் செய்கிறேன்தான். அந்தப் பொங்கலுக்குப் பாலும் நெய்யும் இல்லாமல் தேங்காய்ப்பாலில் பொங்கல் வைத்தேன். பானை பொங்கியதும், "ஏம்புள்ள, இதுக்குப் பொங்கலோ பொங்கல்னு கத்தலாமா?" என்று உன் அப்பா என் காதோரம் வந்து கேட்டார். கத்தலாம் என்றேன். கத்தினார். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அதனால் உன் கொள்கையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் உன் பெங்களூர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கொசு அடிக்கிற பேட் கிடந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் வந்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலேஜ் விடுதியில் நீ இருந்த நாலு வருஷமும் நம் பட்டியிலிருந்து ஆடு இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. எந்த ஆடும் திரும்பி வரவில்லை. மிளகு வித்தோம் என்று உன்னிடம் சொன்னோம். மிளகு அந்த வருஷங்களில் காய்க்கவே இல்லை. நீ ஆட்டைப் பற்றிப் பேசப் படித்ததும் ஆடு போட்ட படிப்புதான். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிறேன்.

சரி, கண்டக்டருக்கு வருகிறேன். உனக்கு ஐந்து வயதில் காய்ச்சல் வந்தது. மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. ஜீப்பில் போட்டுக்கொண்டு நாமக்கல்லுக்கு இறங்கினோம். வளைவு வளைவாக வண்டி திரும்பும்போதெல்லாம் உன் தலை என் கையில் துவண்டு துவண்டு விழுந்தது. பாதி மலையில் ஒரு வளைவில், எதிரே வந்த லாரிக்காக ஜீப் நின்றது. அந்த லாரி ஏறிக் கடக்கிறவரைக்கும் எனக்கு உயிர் இல்லை. "கருப்பனாரே, உயிருக்கு உயிர் தாரேன், எம்பையனைக் குடுத்துரு" என்று வாய்விட்டுக் கத்தினேன். டிரைவர் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். நீ பிழைத்தாய். அன்றைக்கு யாராவது உரிமை, கிரிமை என்று என்னிடம் பேசியிருந்தால் மலையிலிருந்து தள்ளிவிட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் கறுப்பில் ஒரு குட்டியை நேர்ந்துவிட்டோம். அது யார் வந்தாலும் சட்டைப் பையில் மூக்கை நுழைத்துப் பார்க்கும். டிக்கெட் கேட்கிறது என்று சொல்லி நீதான் கண்டக்டர் என்று பேர் வைத்தாய். நேர்ந்துவிட்டதற்குப் பேர் வைக்கக் கூடாது என்று உன் பெரியப்பா அப்போதே சொன்னார். அவர் கோயில் பூசாரி, சொல்வதற்கு உரிமை உள்ளவர். யார் கேட்டோம்? இரண்டு வருஷம் நீயும் அதுவும் ஒரே தட்டில் குச்சிக்கிழங்கு தின்றீர்கள்.

வெட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் அடுப்படிக்கு வந்து நின்றாய்.

"அம்மா, கண்டக்டரு வேண்டான்னு சொன்னா வுட்டுருவாங்களா?"

"வுட்டுருவாங்க சாமி."

"நெசமா?"

"நெசமா."

வேலை மும்முரத்தில் சொன்னேன். மறுநாள் விருந்துக்கு மிளகு இடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பட்டிப் பக்கம் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், நீ ஒரு குடத்தையும் டம்ளரையும் வைத்துக்கொண்டு கண்டக்டருக்குப் பாடம் எடுக்கிறாய். ஒரு டம்ளர் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றுவாய். அது படபடவென்று உதறும். தண்ணீரெல்லாம் உன் மூஞ்சியில் அடிக்கும். "அப்பிடிப் பண்ணக் கூடாதுடா! நாளைக்கு இப்பிடிப் பண்ணினா கொன்னுபோடுவாங்கடா!" என்று நெற்றியில் அடித்துக்கொள்வாய். மறுபடியும் ஊற்றுவாய். மறுபடியும் உதறும். அது உன் பையில் மூக்கை விட்டு டிக்கெட் வேறு கேட்கும். நான் முதலில் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தேன். குடம் காலியாகிற வரைக்கும் பார்த்தேன். ஒரு தடவைகூட அது உதறாமல் இருக்கவில்லை. குடம் காலியானதும் நீ அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பரவால்ல, நாளைக்கு மறக்காம இரு" என்றாய். அப்போது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நெசமா என்று உன்னிடம் சொல்லியிருந்தேன் இல்லையா?

இனிமேல்தான் திருட்டு. நீ சாப்பிட்டுப் படுத்ததும் விளக்கெண்ணெயை லேசாகக் காய்ச்சி எடுத்துப் போனேன். கண்டக்டருக்குத் தலையிலிருந்து வால் வரைக்கும் மயிர்க்காலெல்லாம் இறங்கும்படி தேய்த்தேன். இரண்டு காதுக்குள்ளும் இலவம்பஞ்சை உருட்டி உள்ளே தள்ளினேன். விடிந்ததும் மஞ்சள் தண்ணீர் கலக்குவது என் வேலை. வெந்நீரில் கலக்கினேன். எண்ணெய் தேய்த்து, வெதுவெதுப்பாக வெந்நீர் ஊற்றினால் யாராவது உதறுவார்களா? உன் அப்பா என்றால் நின்றபடியே தூங்கிவிடுவார்.

மறுநாள் நடந்தது உனக்கு உன் வழியில் ஞாபகம் இருக்கிறது. என் வழியில் கேள். பனி இறங்கி எதிரில் நிற்கிற ஆள் தெரியவில்லை. என் சொம்பிலிருந்து ஆவி குபுகுபுவென்று போகிறது. மாட்டிக்கொண்டேன் என்று முந்தானையால் சொம்பை மூடப் போனேன். அதற்குள் உன் அத்தை அந்த ஆவியைப் பார்த்துவிட்டு, "சாமி எறங்கிருச்சு!" என்று தலையை விரித்துப்போட்டு ஆடத் தொடங்கிவிட்டாள். மேளக்காரர் அவள் ஆட்டத்துக்கு அடித்தார். அந்தச் சந்தடியில் யாரும் சொம்பைக் கவனிக்கவில்லை. பெரியப்பா ஊற்றினார். கண்டக்டர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சுகமாக நின்றது. இரண்டாவது தடவை ஊற்றினார். அசைபோட்டது. மூன்றாவது தடவை ஊற்றியபோது பெரியப்பாவின் வேட்டி மடிப்பில் மூக்கை விட்டது. அவர் முகம் வெளுத்துப்போய், "சாமி வேண்டாங்குது. அவுத்து வுடுங்க" என்றார். நீ துள்ளிக் குதித்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாய். "நான் சொல்லிக் குடுத்தேம்மா! ஞாபகம் வெச்சிருந்துச்சு பாரு!"

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அப்புறம் சொல்லலாம் என்று விட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. கண்டக்டர் சாமி ஆடாகிவிட்டதால் யாரும் அதை அடிக்க முடியாது. நம் மலையில் இந்த வளப்பூர் நாட்டு ஊர்களில் அது மேயாத கேழ்வரகுக் காடு இல்லை. பஸ் போகிற ரோட்டுக்கு நடுவில் படுத்துக்கொண்டு டிரைவரை இறங்கி வந்து கெஞ்ச வைத்தது. எல்லோரும் என்னிடம்தான் வந்து திட்டினார்கள், என் குற்றம் தெரியாமலே. கடைசியில் கிழடு தட்டித் தானாகச் செத்ததும், பலா மரத்தடியில் புதைத்தோம். அந்த மரத்துப் பழத்தைத்தான் நீ வருஷா வருஷம் பெங்களூருக்குத் தூக்கிப்போகிறாய்.

ஆனால் நான் நிம்மதியாக இல்லை கண்ணு. உயிருக்கு உயிர் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் சாமியை ஏமாற்றியவள் நான். நீ தும்மினால் போதும், கருப்பனார் கேட்க வந்துவிட்டார் என்று ஓடிவந்து உன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். நீ பைக்கிலிருந்து விழுந்து கை ஒடிந்தபோது, கையோடு போகட்டும் என்று கோயில் வாசலில் விழுந்து கும்பிட்டேன். பரிகாரமாக அன்றிலிருந்து ஆட்டுக்கறி தின்பதை விட்டேன். வீட்டில் ஒருத்தரும் கவனிக்கவில்லை, பரிமாறுகிறவள் தட்டை யார் பார்க்கிறார்கள்? குழம்பு மட்டும் ஊற்றிக்கொள்வேன். குழம்பில் ஆடு இல்லையா என்று நீ கேட்பாய். கேட்காதே.

இப்போது கல்யாணம் வருகிறது. சாமி கண்டக்டரைத்தான் வேண்டாம் என்றது, நேர்ந்தது நிலுவையில் இருக்கக் கூடாது, கல்யாணத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். பட்டியில் கறுப்பாக, பழுதில்லாமல் இருப்பது ஒரே கிடா. போன பொங்கலுக்குக் குட்டியாக இருந்தபோது தாரிணி லட்டு என்று பேர் வைத்தாளே, அதேதான். நம் வீட்டுக்குப் பேர் வைக்கிறவர்களாகவே வந்து சேர்கிறார்கள். நீ போனில் கோபப்படுவாய், கத்துவாய் என்று பார்த்தேன். நீயோ ஸ்பீக்கரில், அத்தனை பேர் கேட்க, "கேளுங்க பெரியப்பா. அது வேண்டான்னுதான் சொல்லும், எனக்குத் தெரியும். துளுக்குச்சுன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாய். என் எண்ணெயை நம்பி, என் வெந்நீரை நம்பி, ஒரு ஆட்டுத் தலையைப் பந்தயம் வைத்துவிட்டாய். தை மாதக் குளிரில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் லட்டு உதறாமல் என்ன செய்யும்? அது உதறியதும் நீ எப்படி நிற்பாய் என்று நினைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு இந்த மலைக்கு நீ வருவாயா என்றும் நினைத்துப் பார்த்தேன்.

மறுபடியும் எண்ணெய் தேய்த்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. விளக்கெண்ணெய்கூட வாங்கிவிட்டேன். ஆனால் அன்றைக்கு ஏமாற்றியது சாமியை. இன்றைக்குச் செய்தால் ஏமாறுவது நீ, உன்னை நம்பிக் கை தட்டுகிறவர்கள். சாமியாவது பழகியவர்.

அதனால் போன வெள்ளிக்கிழமை பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் கிழங்கு காய வைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"வெந்நின்னு கை வெச்சதுமே தெரிஞ்சுது அம்மிணி" என்றார். "பனியில எங்கை வெறைக்கும்னு பாவம் பாத்துக் கொண்டாந்திருக்கேன்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏனுங்க மாமா சும்மா இருந்தீங்க?"

"வெந்நியா இருந்தா என்ன? எங்கிட்ட வேற வித்தை இருந்துதே. ஊத்தற சாக்குல காதுக்குள்ள ரெண்டு சொட்டு வுடுவேன். எங்கப்பாரு சொல்லிக் குடுத்தது. காதுல வுட்டா எந்தக் கெடாவும் துளுக்கும். அன்னிக்கும் மூணு தடவையும் வுட்டேன். அது பாட்டுக்கு அசைபோடுது! நெசமாவே சாமி வந்து எங்கையப் புடிச்சிருச்சுன்னு நெனச்சேன்." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "காதுல என்ன வெச்சிருந்தே?"

"பஞ்சுங்க."

"பஞ்சா!" என்று கிழங்குச் சீவலைக் கீழே போட்டார். "இருவத்திரண்டு வருசமா யோசிக்கிறேன் அம்மிணி, பஞ்சுன்னு தோணலியே!" சிரிக்க ஆரம்பித்தவர் இருமல் வந்துதான் நிறுத்தினார். நானும் சிரித்தேன். ஒருத்தர் ஆம் என்று சொல்ல வைக்கத் தண்ணீர் விட்டிருக்கிறார், ஒருத்தி இல்லை என்று சொல்ல வைக்கப் பஞ்சு வைத்திருக்கிறாள். நடுவில் அந்த ஆடு என்ன நினைத்தது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. அன்றைக்குப் பயந்ததிலிருந்து காதில் தண்ணீர் விடுவதையே அவர் நிறுத்திவிட்டாராம். "அதுக்கப்புறம் நெசமாத்தான் கேக்கறேன். துளுக்கறது துளுக்கும். துளுக்காதது ஊட்டுக்குப் போவும். எத்தனையோ போயிருக்குது." உன் மேடைப் பேச்சு முழுப் பொய் இல்லை கண்ணு. என் திருட்டால் ஒரு பூசாரி நேர்மையாகிவிட்டார். ஆனால், "அப்ப ஆடுக சொல்றது நெசந்தானுங்களா மாமா?" என்று கேட்டதற்கு வானத்தைக் காட்டினார். "பனியா இருந்தா துளுக்கும். வெயிலடிச்சா துளுக்காது. அவ்வளவுதான்."

இரண்டு பேரும் கிழங்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தோம். ஆட்டுக்கு என்ன தெரியும்? அதற்குக் குளிரும், அவ்வளவுதான் தெரியும். நீ அதற்கு ஒரு குடம் தண்ணீர் செலவழித்துப் பாடம் எடுத்தாய். அதற்கு ஒரு வார்த்தையும் ஏறவில்லை. எனக்கு ஏறிவிட்டது. அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னது கண்டக்டர் இல்லை கண்ணு, நான். தைரியமில்லாமல் அதை ஆட்டின் வாயில் வைத்தேன். நீயும் இப்போது அதைத்தான் செய்கிறாய். உனக்கு வேண்டாம் என்றால் நீ சொல். லட்டு சொல்லும் என்று அதன் தலையில் பாரத்தைப் போட்டுவிட்டு நீ கையைக் கட்டிக்கொண்டு நிற்காதே. எனக்கும் வேண்டாம் என்றால் நான்தான் சொல்ல வேண்டும், எண்ணெய்க் கிண்ணத்தோடு பட்டிக்குப் போகக் கூடாது. இதை அப்படியே பெரியப்பாவிடம் சொன்னேன்.

அவர் யோசித்தார். "நேந்தவ நீதான் அம்மிணி. கேக்கறதுன்னா உன்னையத்தான் கேக்கோணும்" என்றார். எப்படிக் கேட்பது என்று இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். தை இரண்டாம் ஞாயிறு, விடியற்காலை. லட்டு பட்டியிலேயே இருக்கும். கோயிலுக்கு முன்னால் நான் நிற்பேன். ஊர் கூடியிருக்க, என் திருட்டை முதலில் நானே சொல்வேன். பிறகு பெரியப்பா மஞ்சள் தண்ணீரை என் தலையில் மூன்று தடவை ஊற்றிக் கேட்பார். நான் துளுக்கினால் நேர்ந்தபடி கிடா. துளுக்காவிட்டால் அந்த வாக்கு முடிந்தது, அதற்கு மேல் கருப்பனாருக்கு என்ன வேண்டுமோ என்னிடம் கேட்டுக்கொள்ளட்டும், உன்னிடம் வரக் கூடாது. வெந்நீர் கிடையாது, எண்ணெய் கிடையாது, காதில் பஞ்சு கிடையாது. பெரியப்பாவும் காதுப் பக்கம் கையைக் கொண்டுவர மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். உன் அப்பாவிடம் சொன்னேன். "உனக்குப் பச்சத் தண்ணி ஆவாதே புள்ள, கை கழுவறதுக்கே வெந்நி கேப்பியே" என்று கவலைப்படுகிறார். மூன்று நாளாகக் கிணற்றடியில் நின்று பழகுகிறேன். முதல் நாள் உதறிவிட்டேன். இரண்டாம் நாளும் உதறினேன். இன்றைக்குக் காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

நீ முதல் நாளே வந்துவிடு. எனக்குப் பக்கத்தில் நில். "மறக்காம இரு" என்று ஒரு தடவை காதில் சொல். வரும்போது நல்லதாக ஒரு துண்டு வாங்கி வா. கம்பளி வேண்டாம், அது ஆட்டு மயிர் என்று நீதான் சொன்னாய். பருத்தித் துண்டே போதும். தடிப்பாகப் பார்த்து வாங்கு.

அம்மா